நாற்பத்தெட்டு மரக்கன்றுகளும் ஒரு கன்னி ஆடும்

வெளிக்கேட்டின் கொக்கியை நீக்காமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒச்சம்மா நின்றாள். பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை, மத்தியான வெயில். தலையில் போட்டிருந்த முந்தானை வியர்வையில் நனைந்திருந்தது. ஏதோ தோட்டத்தில் களையெடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து வந்திருக்க வேண்டும். விரல் இடுக்கெல்லாம் ஈர மண்.

நான் வராந்தாவில் உட்கார்ந்து கணக்குப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், ஆடுகளப் பவுண்டுல கொண்டுபோய் அடச்சிட்டாக. கன்னியும் சேத்து நாலு உருப்படி."

"உள்ள வாங்கக்கா. வெயில்ல நிக்கிறீங்களே."

"இருக்கட்டும் டீச்சர். காலனித் தலைவர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னீகன்னா விட்டுருவாக. கன்னி சினையா இருக்கு. வெயில் தாங்காது."

"சாயங்காலம் போய்ப் பேசுறேன்கா. கவலப்படாதீங்க."

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கம்பியிலிருந்து கையை எடுத்து, அதில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்துவிட்டுப் போனாள்.

நான் குனிந்து அடுத்த தாளை எடுத்தேன்.

இத்தனை வாரமாக இந்தத் தொடரில் எழுதி வருவதில் எங்கள் வீட்டுச் சண்டை, பள்ளிக்கூடத்துக் கூத்து என்று பலதும் வந்துவிட்டன. எழுதத் தயங்கித் தயங்கி ஒதுக்கி வைத்திருந்தது இது ஒன்றுதான்.

நிழல் இல்லாத காலனி

திருநகருக்குக் கொஞ்சம் முன்னால், திருமங்கலம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் காலனி. நாங்கள் குடிபோனபோது முப்பது வீடுகள்கூட இல்லை. சுற்றிலும் சோளக்காடும் கடலைக்காடும் வெறும் புஞ்சையும். எழுபதுகளின் கடைசியா, எண்பது பிறந்துவிட்டதா என்று சரியாக நினைவில்லை. என் மகள் அப்போது கைக்குழந்தை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

காலனியில் நிழல் என்றால் சுவரின் நிழல்தான். காலையில் மேற்குப் பக்கம், மாலையில் கிழக்குப் பக்கம். பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வருவதற்குள் செருப்பின் ரப்பர் இளகிவிடும். மழை என்பது ஐப்பசியில் நாலு நாள் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போகும் விருந்தாளி.

வரைபடத்தில் பூங்கா என்று பச்சை அடித்துக் காட்டிய இடம் ஒன்று காலனியின் தென்கோடியில் கிடந்தது. பூங்காவும் இல்லை, ஒன்றும் இல்லை. கோரைப்புல், நெருஞ்சி, நடுவில் உடைந்த கமலைக் கிணறு ஒன்று. பக்கத்து ஊர் ஆடுமாடுகள் அங்கே மேயும்.

அதில் மரம் வைக்கலாம் என்று முதலில் கிளம்பியவர் கோவிந்தராஜன். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். காலனிச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். கோபக்காரர் மாதிரி பேசுவார், உள்ளே அப்படி இல்லை. இரண்டாவதாகச் சேர்ந்தவன் சந்திரன். டவுன் பஸ் கண்டக்டர். மூன்றாவது நான். பெண் என்று அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான். "டீச்சர் வந்தா மத்த பொம்பளைகளும் வருவாக" என்றான் சந்திரன். யாரும் வரவில்லை.

தார் டிரம்மின் வாசனை

மரக்கன்றுகள் நகரத்து நர்சரி ஒன்றிலிருந்து வந்தன. சந்திரன் அவனுடைய பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு வந்தான். சிம்மக்கல்லில் மூட்டையோடு ஏறிய வியாபாரிகள் மடியில் ஆளுக்கொரு வாகைக் கன்றைக் கொடுத்து, "அண்ணே, பச்சப்பிள்ளை மாதிரி பிடிச்சுக்கங்க. பழங்காநத்தம் தாண்டினதும் வாங்கிக்கிறேன்" என்பானாம். மறுக்க யாருக்கும் வாய் வராது. அப்படி ஒரு பேச்சு அவனுக்கு.

நாற்பத்தெட்டுக் கன்றுகள். வாகை, வேம்பு, பூவரசு, ஓரத்தில் வரிசையாக மயில்கொன்றை. பூக்கும் மரம் வேண்டும் என்பது தலைவரின் ஆசை. அவர் மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த அம்மாளுக்குச் சிவப்புப் பூ பிடிக்கும் என்று ஒருமுறை மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டே சொன்னார். அதற்கு முன்பும் பின்பும் அவர் மனைவியைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

கன்றுக்குக் காவலாக ரோடு போடுகிறவர்கள் எறிந்துவிட்டுப் போன தார் டிரம்களை வாங்கி, இரு பக்கமும் வெட்டி, ஓட்டை போட்டு நிறுத்தினோம். வெயில் ஏற ஏறத் தார் உருகி வடியும். இன்றைக்கும் எங்கேயாவது ரோடு போடும் வாசனை வந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் எனக்கு நினைவு வருகின்றன. டிரம் பத்துக் கன்றுக்குத்தான் வந்தது. மற்றதற்கெல்லாம் உடைமுள்ளை வெட்டி வட்டமாக வைத்தோம். இடத்தைச் சுற்றியும் முள்வேலி.

தண்ணீர்தான் பெரிய பாடு. அந்த உடைந்த கிணற்றில் அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. இறைத்து, குடத்தில் எடுத்து, ஒவ்வொரு கன்றுக்கும் ஊற்ற வேண்டும். என் இடுப்பில் குடம் உரசிய இடம் காய்த்துப்போனது. என் கணவர் சிரிப்பார். "வீட்டுக் குழாயில தண்ணி பிடிக்கச் சொன்னா இடுப்பு வலி. ஊர் மரத்துக்குன்னா வலிக்காதா?"

வலிக்கவில்லை. ஒரு வேம்பு புதுத் துளிர் விட்ட அன்றைக்கு நான் வீட்டுக்கு ஓடிவந்து அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். செம்பு நிறத்தில், பிறந்த குழந்தையின் காது மாதிரி இருந்தது.

ஆட்டுப்பால்

ஒச்சம்மாவை எனக்கு அதற்கு முன்பே தெரியும். தெரியும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது.

என் மகளுக்குப் பத்து மாதம் இருக்கும்போது எந்தப் பாலும் சேரவில்லை. மாட்டுப்பால் கொடுத்தாலும் டப்பாப் பால் கொடுத்தாலும் வயிற்றால் போய்விடும். கை, கால் எல்லாம் குச்சியாகி, கழுத்து நிற்காமல் தோளில் சாய்ந்தே கிடந்தாள். டவுனில் பார்த்த டாக்டர், ஆட்டுப்பாலைக் காய்ச்சி, தண்ணீர் கலந்து கொடுத்துப் பாருங்கள் என்றார். அவர் குரலில் நம்பிக்கை இல்லை.

பக்கத்து ஊரில் ஆடு வைத்திருப்பவள் என்று யாரோ ஒச்சம்மாவைக் காட்டினார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் இறந்துவிட்டான். பஞ்சவர்ணம் என்று ஒரே மகள். அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்காகத்தான் ஆடுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

அவளிடம் கறுப்பு ஆடு ஒன்று இருந்தது. முகத்தில் கண்ணுக்கு மேலிருந்து மூக்குவரை இரண்டு வெள்ளைக் கோடு. கன்னி ஆடு என்று அந்த இனத்துக்கே பேர். அவள் அதையே பெயராக்கிக் கூப்பிடுவாள். "கன்னீ" என்றால் எங்கிருந்தாலும் திரும்பிப் பார்க்கும்.

தினமும் விடிந்ததும் ஒச்சம்மா கன்னியைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்துவிடுவாள். பாத்திரத்தில் கறந்து கொண்டுவந்தால் வழியில் சூடு போய்விடும் என்பாள். நான் பாலைக் காய்ச்சி ஆற்றும்வரை என் மகளைத் தன் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"ஆத்தா, குடிச்சிரு. கன்னி ஒனக்குன்னு வச்சிருக்கு. அது குட்டிக்குக்கூடக் குடுக்கல."

அது உண்மை. குட்டியைக் கட்டிவைத்துவிட்டுத்தான் முதல் பாலை எங்களுக்குக் கறப்பாள்.

ஆறு மாதம். குழந்தை கழுத்து நின்றது, உட்கார்ந்தது, சுவரைப் பிடித்து எழுந்தது. அந்த ஆறு மாதமும் நான் ஒச்சம்மாவை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். வாயில் வந்ததுதான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

புங்கனை வைக்கச் சொன்னவள்

மரம் வைத்துச் சில மாதங்கள் ஆகியிருக்கும். ஒரு நாள் காலை நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது வேலிக்கு வெளியே ஒச்சம்மா நின்றாள். ஆடுகள் வேலிமுள்ளின் காய்ந்த இலையைக் கடித்துக்கொண்டிருந்தன.

"இது எங்க மாமனார் சோளம் வெதச்ச எடம் டீச்சர். பங்காளிக வித்துப்புட்டாக. எங்களுக்கு ஒண்ணும் மிஞ்சல. மேய்ச்சலாவது இருந்துச்சு."

"மரம் வளர்ந்தா எல்லாருக்கும் நிழல்தானேக்கா" என்றேன்.

"நிழல் நல்லதுதான். ஆனா வாகையும் வேம்பும் வச்சிருக்கீக. ஆட்டுக்கு அது பலகாரம். எம்புட்டு முள்ளு வச்சாலும் மோப்பம் பிடிச்சு வந்துரும். புங்கன வைங்க. புங்கன்ல ஆடு வாய் வைக்காது. ஒங்களுக்கும் வம்பில்ல, எனக்கும் வம்பில்ல."

தலைவரிடம் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. சிவப்புப் பூவுக்காக அவர் அத்தனை பாடுபடும்போது புங்கன் என்று எப்படிச் சொல்வது என்று ஒரு தயக்கம். அதோடு, ஆடு மேய்க்கிறவள் சொன்னாள் என்று கூட்டத்தில் எடுத்துச் சொல்ல எனக்கு ஏதோ கூச்சமாக இருந்தது. இப்போது எழுதும்போதுதான் அதைக் கூச்சம் என்கிறேன். அன்றைக்கு அதற்குப் பேர் வைக்கவில்லை.

அக்கா விட்டுப்போன நாள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் பூங்காவுக்குப் போனபோது தென்பக்க வேலி சாய்ந்து கிடந்தது. டிரம்முக்குள் இருந்த பத்தும், ஓரத்தில் ஏழெட்டு மயில்கொன்றையும்தான் மிச்சம். மற்றதெல்லாம் மொட்டைக் குச்சி. சிலதை ஆடுகள் குச்சியோடு சேர்த்துப் பிடுங்கியிருந்தன. புழுக்கை எங்கும் கிடந்தது.

நான் துளிர் பார்த்த வேம்பு இருந்த இடத்தில் ஒரு குழிதான் இருந்தது.

தலைவர் ஒவ்வொரு குழியாகப் போய்ப் பார்த்தார். கடைசியில் கிணற்று மேட்டில் உட்கார்ந்து, "யார் ஆடுன்னு தெரிஞ்சா இன்னைக்கே பவுண்டுல அடைச்சிடலாம்" என்றார். தெருவில் திரிகிற, பயிரை மேய்கிற ஆடுமாடுகளை அடைத்துவைக்கும் தொழுவத்துக்குப் பவுண்டு என்று பேர். அபராதம் கட்டினால்தான் வெளியே விடுவார்கள்.

"ஊர்ல பத்துப் பேர் ஆடு வச்சிருக்காக. யாருதுன்னு சொல்ல?" என்றான் சந்திரன்.

முந்தின நாள் பொழுது சாய்கிற நேரத்தில் நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். தென்பக்க வேலியில் கறுப்பாக ஒன்று முள்ளை முட்டித் தள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வெள்ளைக் கோடு தெரிகிற தூரம் இல்லை. ஆனாலும் எனக்குத் தெரிந்தது. விரட்டப் போகலாம் என்று நினைத்தேன். அதற்குள் குழந்தை அழுதது. கீழே வந்துவிட்டேன்.

"ஒச்சம்மா ஆடு" என்றேன். "நேத்து சாயங்காலம் நான் பாத்தேன்."

அக்கா என்று சொல்லவில்லை. வெறும் ஒச்சம்மா. சொல்லி முடித்த பிறகு அது என் காதிலேயே ஒரு மாதிரி விழுந்தது.

சந்திரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு ஆட்டுப்பால் கதை தெரியும். ஒரு மணி நேரத்தில் அவனும் இன்னும் இரண்டு பேரும் போய், வாய்க்கால் ஓரம் மேய்ந்துகொண்டிருந்த நாலு ஆடுகளைப் பிடித்துப் பவுண்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள்.

அதன் பிறகுதான் அவள் என் கேட்டில் வந்து நின்றது.

ஞாயிறு சாயங்காலம்

போகவில்லை என்று சொல்ல முடியாது. போனேன். தலைவர் வீட்டு வாசல்வரை போனேன். உள்ளே அவர் யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். "பிள்ளை மாதிரி வளத்தோம்யா" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. காலையில் பேரைச் சொன்னவளே மாலையில் போய் விடச் சொல்வதா என்று கால் நின்றுவிட்டது. கோபம் தணியட்டும், நாளைக்குப் பேசலாம் என்று திரும்பிவிட்டேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம். தாள்களைக் கொடுத்துவிட்டு, மாலை வந்து முகம் கழுவிக்கொண்டு போய்ச் சொன்னேன். நான் பாதி சொல்லும்போதே தலைவர் காகிதத்தை எடுத்துவிட்டார்.

"நேத்தே சொல்லியிருக்கலாமே டீச்சர். ஆட்டு மேல எனக்கென்ன கோவம்? ஒருநாள் அடைச்சா அடுத்த தடவை கட்டி மேய்ப்பாங்கன்னு நினைச்சேன். அபராதத்த நானே கட்டிடுறேன்."

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

சந்திரனும் நானும் உடனே பவுண்டுக்குப் போனோம். பூட்டியிருந்தது. காவல்காரர் காலையில்தான் வருவாராம்.

பவுண்டு

செவ்வாய்க்கிழமை காலை ஒச்சம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். வழியெல்லாம் நான்தான் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தேன். பஞ்சவர்ணத்துக்கு எப்போது கல்யாணம் என்றுகூடக் கேட்டேன்.

நாலு பக்கமும் கல்சுவர். மேலே கூரை இல்லை. உள்ளே ஒரு செடிகூட இல்லை. மூலையில் சிமெண்டுத் தொட்டி. அதன் அடியில் பாசி காய்ந்து ஓடு ஓடாகப் பெயர்ந்திருந்தது.

கன்னி தொட்டியின் ஓரத்தில் கிடந்தது. கழுத்தைத் தொட்டிக்குள் போட்டபடியே இறந்திருந்தது. வயிறு உப்பி இருந்தது. இன்னொரு ஆடு கண் திறந்திருந்தது, எழுந்திருக்கவில்லை. மற்ற இரண்டும் சுவரோடு ஒட்டி நின்றன.

"தண்ணி ஊத்துற ஆளு ரெண்டு நாளா வரலம்மா" என்றார் காவல்காரர். "நான் ஒருத்தன் என்ன செய்ய?"

அவரிடம் சண்டை போடலாம் என்று வாயைத் திறந்தேன். ஒச்சம்மா என்னைத் தாண்டிப் போனாள். கன்னியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. குட்டி அசைகிறதா என்று பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தபோது நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு அதன் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டாள். விழுந்து கிடந்த ஆட்டைத் தூக்கித் தோளில் போட முயன்றாள்.

"நான் தூக்குறேன்க்கா" என்றான் சந்திரன்.

"வேணாம் தம்பி. ஓட்டிட்டு வந்தது போதும்."

அவள் அன்றைக்குச் சொன்ன கடுமையான வார்த்தை அது ஒன்றுதான். அதையும் மெதுவாகத்தான் சொன்னாள். தோளில் போட்ட ஆடும் வீடு போய்ச் சேருமுன் இறந்துவிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

சந்திரன் அதற்குப் பிறகு பூங்கா வேலைக்கு வரவில்லை. தலைவர் இரண்டு முறை கூப்பிட்டு அனுப்பினார். "டூட்டி மாத்திட்டாக அண்ணே" என்று சொல்லிவிட்டான். என்னை வழியில் பார்த்தால் சிரிப்பான். அந்தச் சிரிப்பில் முன்பிருந்த பேச்சு இல்லை.

மரங்கள்

அடுத்த மழைக்கு மறுபடியும் கன்று வைத்தோம். இந்தத் தடவை நான் கூட்டத்தில் சொன்னேன், புங்கன் வைக்கலாம் என்று. யார் சொல்லிக் கொடுத்தது என்றும் சொன்னேன். தலைவர் தலையைக் குனிந்தபடி, "சரி" என்றார்.

புங்கன் எல்லாம் பிழைத்தது. மூன்று நாலு வருஷத்தில் ஆள் உயரம் தாண்டி, குடை மாதிரி கவிந்து நின்றது. சாயங்காலம் காலனிப் பெண்கள் அங்கே உட்கார்ந்தார்கள். என் மகள் அந்த நிழலில்தான் சைக்கிள் பழகினாள். யாரோ அதிகாரி வந்தார், வாசலில் கல் வைத்தார்கள், மரம் வளர்த்தவர்கள் என்று ஐந்து பேர் பெயர் செதுக்கினார்கள். என் பெயர் மூன்றாவது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஒச்சம்மா ஊரில் இல்லை என்றார்கள். மிச்ச ஆட்டையும் விற்றுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு செங்கல் சூளைக்கு வேலைக்குப் போய்விட்டாளாம். எந்தச் சூளை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நான் தேடிப் போயிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

காளவாசல் பஸ் ஸ்டாப்

என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, காளவாசலில் அவளுக்குச் செருப்பு வாங்கிவிட்டு நான் மட்டும் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் தலைச்சும்மாட்டை அவிழ்த்து உதறினாள். செம்மண் தூசி பறந்தது. கை, முகம், இமைகூடச் சிவப்பு. அவள்தான் முதலில் என்னைக் கண்டுகொண்டாள்.

"டீச்சர்தான? பாப்பா நல்லாருக்கா?"

"நல்லா இருக்காக்கா. அஞ்சாவது படிக்கிறா." செருப்புப் பொட்டலத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன். "பஞ்சவர்ணம்?"

"கட்டிக் குடுத்துட்டேன். ரெண்டாந்தாரம்தான். அம்புட்டுத்தான் நம்மளால முடிஞ்சது."

ஆட்டோக்களும் லாரிகளும் போய்க்கொண்டே இருந்தன. இப்போது சொல்லாவிட்டால் பிறகு சொல்லவே போவதில்லை என்று தோன்றியது.

"அக்கா, அன்னைக்கு உங்க ஆடுன்னு கூட்டத்துல பேரைச் சொன்னது நான்தான்."

அவள் சும்மாட்டுத் துணியை மடித்துக்கொண்டே, "தெரியும் டீச்சர்" என்றாள்.

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். ஆட்ட ஓட்டிட்டுப் போகையில அந்தக் கண்டக்டர் தம்பி சொல்லிட்டாரு. டீச்சர் பாத்தேன்னு சொல்லிட்டாக, நான் என்னக்கா செய்யன்னு."

"அது தெரிஞ்சுமா என்கிட்ட வந்து கேட்டீங்க?"

"சொன்னவுக வாயாலதான விடவும் சொல்ல முடியும். வேற யார்கிட்டப் போவேன்? நீங்க போய்ச் சொல்லுவீகன்னு நெனச்சேன்."

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. வழி கேட்டவருக்கு வழி சொல்வது போலத்தான் சொன்னாள்.

திருமங்கலம் போகும் பஸ் வந்து நின்றது. ஒச்சம்மா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டாள். படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஒங்களுக்கும் இந்தப் பஸ்சு தான?"

"இல்லக்கா, நான் வேற பக்கம் போகணும்" என்றேன்.

அவள் ஏறிக்கொண்டாள். பஸ் கிளம்பியது. அடுத்த திருமங்கலம் பஸ்ஸுக்கு நான் முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றேன்.